சர்க்கரை இல்லாத டீ

எங்கள் அத்தை பதினாறு வருடம் சர்க்கரை போடாத டீ குடித்தார். சுகர் எதுவும் கிடையாது. சுகர் என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றக் காலை பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்று பதினாறு வருடம் வெறும் டிகாக்ஷனும் பாலும்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "உனக்கு வேற வேலையே இல்லையா சாமி" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே போன் பண்ணி, "எழுதிக்கோ, ஊர் பேர மட்டும் மாத்திப் போட்டுரு" என்றார். மாற்றி எழுதினால் அந்த இன்னொரு ஊர்க்காரர்கள் யாரையாவது சந்தேகப்படுவார்கள் என்பதால் பேரே போடாமல் விடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஊர், அது போதும்.

அத்தைக்கு இப்போது 53 வயது. எச்.ஐ.வி. இருப்பது 2001-இல் இருந்து தெரியும்.

திருச்செங்கோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் ஞாபகம் வரும். எங்களுக்கு ரிக் வண்டிதான். வடக்கே எங்கே போனாலும் போர் போடுகிற வண்டியில் திருச்செங்கோட்டுப் பேரைப் பார்க்கலாம். மாமா அப்படி ஒரு வண்டியில் டிரில்லர். பொங்கலுக்கு ஒரு தடவை, ஊர் நோம்பிக்கு ஒரு தடவை, நடுவில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தடவை வருவார். மிச்ச நாளெல்லாம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி நிற்கிற காட்டில் வண்டிக்கு அடியிலேயே படுக்கை. மாமாவைத் திட்ட இந்தக் கட்டுரையில் நான் ஒரு வரியும் செலவழிக்கப் போவதில்லை, அந்த வேலையை ஊரே செய்து முடித்துவிட்டது. வருடத்தில் பத்து மாதம் வீட்டைப் பார்க்காத முப்பத்தி நாலு வயது ஆளிடம், போகும்போது பையில் ஆணுறை வைத்துக்கொள் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஜீவன் இல்லை. ஊதுபத்தியும் எலுமிச்சம்பழமும் வண்டிக்கு வைத்து அனுப்பினார்கள்.

2001-இல் காய்ச்சல், விடாத இருமல் என்று மாமா பாதியில் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். டிபி என்றார்கள். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன டெஸ்ட் என்று யாரிடமும் சொல்லாமல் ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட்டை வராந்தாவில் நிற்கவைத்து எங்கள் அப்பாவிடம் சொன்னார்கள். படுத்திருக்கிற மாமாவிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தையிடமும் சொல்லவில்லை. அத்தையிடம், "உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்மா, சும்மாதான்" என்று ஊசியைக் குத்தினார்கள். அந்த ரிசல்ட்டும் அப்பாவிடம்தான் வந்தது. அப்பா வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. லேபில் வேலை பார்த்த யாருக்கோ எங்கள் ஊரில் யாரோ சொந்தம்.

தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் அத்தைதான். அதுவும் எப்படி? தண்ணிக் குடத்துக்கு நடந்த சண்டையில் ஓரகத்தி, "உனக்கும் இருக்குதாமா, குழாயத் தொடாத" என்று கத்தினாராம். அதற்கு முந்தின நாள் வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா சொல்லாமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவரிடம் ஒரு பதிலும் இல்லை, கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

மாமா அந்த ஐப்பசியில் இறந்தார். முப்பது கும்பிட்ட மறுநாள், அத்தையையும் ஐந்து வயது மகளையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் பங்கு, காட்டில் பங்கு என்று பேச்செடுக்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்தோம், இல்லை என்று வந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று அப்போது நம்பினோம். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால்கூட நூற்றுக்கு 15-இல் இருந்து 45 குழந்தைகளுக்குத்தான் பரவும், மாமாவுக்கே எப்போது வந்ததோ அதுவும் தெரியாது. எங்கள் அப்பத்தா மட்டும் அந்த ரிசல்ட்டை அர்த்தநாரீஸ்வரர் கணக்கில் எழுதிக்கொண்டது.

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் அத்தைக்குத் தனி டம்ளர் வைத்தோம். தனித் தட்டு, தனிச் சொம்பு. சோப்பும் தனி. அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு புள்ளி குத்தியிருக்கும், மாறிவிடக் கூடாது என்று. குத்தியது நான். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், உயிரியலில் நல்ல மார்க். சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர்களில் எது அத்தையுடையது என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன். ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை பற்றிக் கல்லூரியில் சேர்ந்தபின் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன், துண்டறிக்கைகூடக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு குவளைக்கு நானே புள்ளி குத்தியது அப்போதெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தக் காலத்து விழிப்புணர்வு என்பதையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மண்டை ஓடு, குறுக்கே ரெண்டு எலும்பு, கீழே 'எய்ட்ஸ்'. இன்னொரு சுவரில் 'ஒருவனுக்கு ஒருத்தி'. அப்புறம் தமிழ்நாடு பூராவும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரே கேள்வி. விளம்பரமாக அது பெரிய வெற்றி, மறுக்கவில்லை, எய்ட்ஸ் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே கூசிய ஊர்களில் சின்னப் பையன்வரை சொல்ல வைத்தது. ஆனால் சொன்னது கிண்டலாகத்தான். எங்கள் வகுப்பில் ஒல்லியாக இருந்த ஒருவனுக்கு அதுதான் பட்டப்பெயர். நானும்தான் அப்படிக் கூப்பிட்டேன், வீட்டில் அத்தையை வைத்துக்கொண்டு.

அந்த 'ஒருவனுக்கு ஒருத்தி' சுவரைத் தாண்டித்தான் அத்தை தினமும் தறிப்பட்டறைக்குப் போவார். ஒருவனுக்கு ஒருத்தியாகவே இருந்தவர். அந்த வாசகத்தை எழுதியவர்களுக்கு அத்தை மாதிரி ஒரு பெண் அந்த வழியாக நடந்து போவார் என்று தோன்றியே இருக்காது. கட்டின புருஷனிடமிருந்து மட்டுமே வந்த பெண்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து ஒழுக்கம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்.

மருந்து இல்லையா என்றால், இருந்தது. மேலை நாடுகளில் 1996 வாக்கிலேயே மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிட்டது. விலைதான், வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். மாமா படுத்த அதே 2001-இன் பிப்ரவரியில் மும்பை சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் எத்தனை பேர் உயிரோடு இருப்பதற்கு அந்த அறிவிப்பு காரணமோ தெரியாது. ஆனால் அந்த டாலர் அன்றைக்கு 46 ரூபாய் சொச்சம், தறிக்கு நூல் தார் சுற்றும் வேலையில் அத்தைக்கு ஒரு நாள் கூலியே அதை எட்டாது.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஏஆர்டி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. 2005-இல் அத்தைக்கு வாய் முழுக்க வெள்ளையாகப் புண், சோறு இறங்கவில்லை. நான் அப்போது சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அப்பா போன் பண்ணினார். "அம்மிணி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வருது. சென்ட்ரல்ல போய்க் கூட்டிக்கிட்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாத." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

விடியற்காலை அத்தை இறங்கி வந்தபோது கையில் மஞ்சப்பை, அதில் ஒரு தண்ணி பாட்டில், அப்புறம் அந்தப் புள்ளி வைத்த டம்ளர். எதிரே பார்க் ஸ்டேஷன் போய் மின்சார ரயில் ஏறினோம். வெண்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி, காய்கறிக் கூடை வாசம். வழியில் டீ வாங்கிக் கொடுத்தேன், பிளாஸ்டிக் கப்பை வாங்கி அந்த டம்ளரில் ஊற்றிக்கொண்டு குடித்தார். "எதுக்கத்தை, அதுதான் தூக்கிப்போடற கப்புதானே" என்றேன். "பழகிப்போச்சு சாமி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தாம்பரம் சானடோரியம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து டிபி நோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம். ஊரைவிட்டுத் தள்ளி, மரமும் காற்றுமாக. 1993-இல் இருந்து எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள், மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில். நான் போனபோது ஆந்திராவில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து மரத்தடியில் படுத்திருந்தார்கள். தெலுங்கு, தமிழ், கன்னடம், எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் காதில் விழுந்தது: சிடி4 எவ்வளவு? நம் ரத்தத்தில் சண்டை போடுகிற அணுக்களில் ஒரு வகை அது. நல்ல உடம்புக்கு 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம், கண்ட கிருமியும் உள்ளே புகும். அப்போது 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை தொடங்குவார்கள். அத்தைக்கு 118. அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா தன்னுடையது 40 என்று சொல்லி, "உனக்கென்னம்மா, நீ பணக்காரி" என்று சிரித்தது. மூன்று வருடத்தில் அத்தை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை வந்த ரயில் தடத்தில் காட்பாடியும் வரும். அந்த ஸ்டேஷனுக்கு இந்தக் கதையில் ஒரு இடம் இருப்பதை ரொம்ப வருடம் கழித்துத்தான் படித்தேன். 1986 தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த தலைப்பை எடுத்துக்கொண்டு, மயிலாப்பூரில் இருந்த அரசுக் காப்பகத்துப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சேகரித்ததை வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்தாராம். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை, வேலூர் சிஎம்சியில் இருந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில் இறங்கினார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதிசெய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். நான் பிறந்த வருடம் அது.

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி 2015-இல் இறக்கும்வரை இதே வேலையாக இருந்தார், இறந்தபின் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போய்விட்டார். ரெண்டு பேர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதைப் படிக்கும்போது என் மனம் அந்த ஆறு பெண்களிடமே நின்றுவிட்டது. எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி. பதினைந்து வருடம் கழித்து அத்தைக்கும் அப்படித்தானே ஊசி போட்டார்கள், "சும்மாதான்" என்று.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஆரம்பத்தில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்தது, காலையும் ராத்திரியும். ஆறே மாதத்தில் அத்தை எடை கூடி, தறிக்குத் திரும்பினார். ஆனால் ஸ்டாவுடின் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிற மருந்து. கன்னம் ரெண்டும் உள்ளே போனது, காலில் சதை வற்றி நரம்பு தெரிந்தது, வயிறு மட்டும் போட்டது. முகத்தைப் பார்த்தே 'இது அந்தக் கேஸ்' என்று சொல்லிவிடுகிற மாதிரி ஒரு முகம். அதை அப்புறம் உலகம் முழுக்கவே நிறுத்தினார்கள். அடுத்து வந்த எஃபாவிரென்ஸ் தூக்கத்தைக் கெடுத்தது. தினமும் கனவில் ரிக் வண்டி வாசலில் வந்து நிற்கும், யாரும் இறங்க மாட்டார்கள், இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பார். 2021-இல் இருந்து டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று. டிஎல்டி என்பார்கள். வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டெட்' என்று வந்திருக்கிறது. அதாவது ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு வைரஸ் அடங்கிவிட்டது. மாத்திரையை விட்டால் திரும்ப வரும், விடாதவரைக்கும் உடலுறவு மூலமாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. அப்படிக்கூடப் பரவாத ஒன்று டம்ளரில் எப்படிப் பரவும்? 2001-இலும் பரவாதுதான். அன்றைக்கே என் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தாண்டிக் கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி டீ.

2008 வாக்கில் மாத்திரையைத் தாம்பரத்தில் இருந்து பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. எங்கள் மாவட்டம் நாமக்கல். ஆனால் நாமக்கல்லில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அத்தை சேலம் மையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை. இந்த மாதிரி ஊர் தாண்டி ஊர் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் ஏராளம். ஆறு கிலோமீட்டரில் கிடைப்பதை அறுபது கிலோமீட்டர் போய் வாங்குவது.

முதல் மாதம் சேலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு. கையில் பச்சை புக். சிகிச்சை விவரமெல்லாம் எழுதுகிற சின்ன நோட்டு அது, இந்தச் சங்கதி தெரிந்தவர்களுக்கு அந்தப் பச்சையே அடையாளம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் கையிலும் பச்சை புக். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். தறிப்பட்டறைக்கு ரெண்டு வேளையும் கம்பிக் கூட்டில் டீ கொண்டுவருகிறவர். அவரும் நாமக்கல்லில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சேலம் வந்தவர்.

ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் பேசவில்லையாம். அப்புறம் அவர், "சுகருக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். அத்தை, "ஆமாங்க, சுகருக்குத்தான். நீங்க?" "நானும் சுகருக்குத்தாங்க." ரெண்டு பேரும் பச்சை புக்கைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு டீ வந்தது. எல்லாக் கிளாசும் வழக்கம்போல, ஒரு கிளாஸ் மட்டும் தனியாக. "அக்காவுக்குச் சர்க்கரை இல்லாம" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி சொல்லி வைத்துவிட்டுப் போனார். அத்தைக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, மாசாமாசம் ஒரு நாள் லீவு போட்டுச் சேலம் போவதற்கு ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், அதை அந்த ஆள் சத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரும் அன்றில் இருந்து தன் கடையில் நின்று சர்க்கரை போடாமல்தான் குடித்தார். அத்தைக்கு இனிப்பு என்றால் உயிர். வீட்டில் ராத்திரி சமையலறையில் தனியாக நின்று வெல்லக்கட்டியைக் கடிப்பார், திருடுகிற மாதிரி.

மறைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். மாத்திரை டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது மாத்திரை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பஸ்ஸில் வளைவு திரும்பும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போடும். அத்தை பையில் எப்போதும் பஞ்சு இருக்கும், மூடியைத் திறந்து மேலே அழுத்தி அடைத்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். லேசில் வராது. தண்ணியில் ஊறவைத்து, சுரண்டி, லேபிளை அடுப்பில் போட்டு, காலி டப்பாவை அடுத்த தடவை சேலம் போகும்போது எடுத்துப்போய் அங்கே பஸ் ஸ்டாண்டுக் குப்பைத்தொட்டியில் போடுவார். அந்த நகம் இப்போதும் ஒரு பக்கமாகத் தேய்ந்துதான் இருக்கிறது.

2011-இல் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று வேறொரு தனியார் மருத்துவமனையில் தேதி குறித்து, வயிற்றைக் காயப்போட்டு உட்கார வைத்துவிட்டு, ரத்த ரிப்போர்ட் வந்த பத்தாவது நிமிஷம் "மெஷின் ரிப்பேர்" என்றார்கள். அதே மெஷினில் அன்றைக்கு மத்தியானம் வேறொருவருக்கு ஆபரேஷன் நடந்தது. கடைசியில் அரசு மருத்துவமனையில்தான் செய்தார்கள், முகம் சுளிக்காமல் செய்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அத்தை பேசிய ஒரே பேச்சு, பொய்யாவது கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம் என்பது.

இதற்கெல்லாம் சட்டம் வந்தது 2017-இல், நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. ரிசல்ட்டை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. சிகிச்சை, வேலை, படிப்பு, வாடகை வீடு எதிலும் ஒதுக்கக் கூடாது. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு பிரிவில் நின்றுவிட்டேன். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் தாங்கள் வாழும் வீட்டிலேயே இருக்க உரிமை உண்டு, யாரும் வெளியேற்ற முடியாது என்கிறது. அந்த டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கிப் பதினாறு வருடம் ஆன பிறகு. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த வீட்டுல யாரு இருப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

சட்டம் தெரிந்து என்ன பண்ண என்று கேட்பவர்கள் உண்டு. புகார் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் எனக்கு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அங்கேதான் எல்லாம் நின்றுவிடுகிறது. கௌசல்யா பெரியசாமி மாதிரி வெளிப்படையாகப் பேசிய பெண்கள் எங்கள் நாமக்கல் பக்கத்தில் இருந்தே வந்திருக்கிறார்கள், 1998-இல் இந்தப் பெண்களுக்கென்றே சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அத்தை அந்த ரகம் இல்லை, ஆகவும் வேண்டாம்.

நடுவில் ஒன்று. இதை எழுதுகிறேன் என்று தெரிந்த நண்பர் ஒருவர் போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, அரை மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டு, அப்புறம் மெதுவாகத் தனக்கு ஒரு பயம் என்றார். முந்தின நாள் நடந்தது. மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். 72 மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மாத்திரை உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும், அங்கே பரிசோதனை இலவசம், ரகசியம். போகவே தயக்கம் என்றால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசலாம். நண்பர் வாசலில் நின்று போர்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் நம்பிக்கைன்னு பேர் வெச்சிருக்கான் பாரு" என்றார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டே உள்ளே வந்தார்.

2020 ஊரடங்குக்கு வருகிறேன். பஸ் இல்லை, தறி இல்லை, டீக்கடை இல்லை. அத்தையிடம் பதினோரு மாத்திரை மிச்சம். ஒரு நாள் தப்பினாலே என்ன ஆகும் என்று பதினைந்து வருடமாகக் கவுன்சிலர் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது என்று போனில் பேசிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம். டீக்கடைக்காரர், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு. "அக்கா, சுகர் மாத்திரை வாங்கச் சேலம் போறேன். உங்க புக்கையும் குடுங்க."

அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பச்சை புக்கை எடுத்துவந்து கொடுத்தார். அந்தப் புக்கை ஊரில் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுவே முதல் தடவை. நாற்பத்தைந்து கிலோமீட்டர், வழியெல்லாம் போலீஸ் தடுப்பு. சாயங்காலம் திரும்பி வந்தார். அந்தச் சமயம் ஒரே தடவையில் ரெண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், அடுத்தவர் வந்து வாங்கினாலும் விட்டார்கள். தினத்தாள் சுற்றிய பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "தினமும் தப்பாமப் போடுங்க, சுகர் ஏறிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம். பிரித்துப் பார்த்தால் டப்பா ஒவ்வொன்றிலும் மூடிக்கு அடியில் பஞ்சு அடைத்திருந்தது.

அத்தை மகளுக்கு அதற்கு முந்தின வருடமே கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை, அவளே போய்ச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டார், கூகுளில் தேடியிருப்பார் போல, மறுநாள் வந்து அத்தை கையால் காபி கேட்டுக் குடித்தார். எந்த டம்ளர் என்று பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா அன்று ராத்திரி புள்ளி வைத்த டம்ளரைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போடுவதற்கு எடுத்து வைத்தார். அத்தை அதைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார், "நல்ல கனமான டம்ளர் அண்ணி, எதுக்குப் போடோணும்" என்று.

போன வருடம் சேலத்தில் வழக்கமான பரிசோதனையில் அத்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை 240. இந்த டோலுடெக்ராவிர் சாப்பிடும் சிலருக்குச் சர்க்கரை ஏறுவதுண்டு, அதனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள், அதையும் இதையும் சேர்த்துப் போடும்போது அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னார்கள். அத்தை எதையும் கேட்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், எப்படி விளக்குவது?

இப்போது சுகர் மாத்திரையைத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்கவே போடுகிறார். "சுகரா? எவ்வளவு இருக்குது? வெந்தயம் ஊறவெச்சுக் குடி, பாகற்காய் சாப்பிடு" என்று ஆளாளுக்கு நின்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தைக்கு அதில் ஒரு குஷி. ஒன்பது மணி மாத்திரை மட்டும் இன்னும் சமையலறையில்தான், புளி டப்பாவுக்குப் பின்னால் கை விட்டு.

சேலத்தில் இருந்து வந்த மறுநாள் பதினொரு மணிக்கு டீக்கடைக்காரர் வழக்கம்போல அந்தத் தனிக் கிளாஸை வைத்தாராம். அத்தை அவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, எனக்கு நெசமாவே சுகர் வந்திருச்சுங்க" என்றார்.

அவர் கம்பிக் கூட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"எனக்கு இன்னும் வரலீங்க" என்றார்.